ஜூனில் வா என்றேன், அக்கா நவம்பரில் வந்தாள்

1

போன வாரம் காட்பாடியிலிருந்து பாஸ்கர் போன் செய்தான். என்னோடு பள்ளியில் படித்தவன். இப்போது அங்கே ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். மகனுக்கு வேலை கிடைத்துவிட்டதாம். புருஷனும் பெண்டாட்டியுமாக ஐரோப்பாவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வரலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். இத்தாலியில் நான் இருப்பதால் பயணம் இங்கிருந்துதான் தொடங்கும், தங்குவதும் என் வீட்டில்தான். அதையெல்லாம் அவனே தீர்மானித்துச் சொல்லி முடித்துவிட்டு, ஊரிலிருந்து போன் செய்கிற எல்லோரும் கேட்பதை அவனும் கேட்டான்.

“இன்னா மாசம் வந்தா நல்லா இருக்கும், சொல்லு.”

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் எப்போதும் கைவசம் உண்டு. ஆம்பூரை விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. இதற்குள் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஜூன் முதல் பாதி, அது முடியாவிட்டால் செப்டம்பர் கடைசி என்று மூச்சு விடாமல் சொல்லிவிடுவேன். என் பேச்சைக் கேட்டு வந்தவர்கள் யாரும் குறை சொன்னதில்லை. கேட்காமல் ஆகஸ்டில் வந்தவர்கள் பட்ட பாட்டை நான் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இந்த முறை ஜூன் வாய் வரைக்கும் வந்துவிட்டு நின்றுவிட்டது. நீ எதைப் பார்க்க வருகிறாய் என்று பாஸ்கரைத் திருப்பிக் கேட்டேன். ஒரு மாசத்தின் பெயரைச் சொல்ல இவ்வளவு பிகு எதற்கு என்று அவன் சலித்துக்கொண்டான். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

யோசிக்க வைத்தது என் அக்கா. போன நவம்பரில் இங்கே வந்து போனாள். பாஸ்கருக்குப் போனில் சொல்ல முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன். வெளிநாடு போக நல்ல மாசம் எது என்று நாட்காட்டியைப் புரட்டிக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் உதவலாம்.

2

முதலில் என் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டஸ்கனி என்ற பகுதியில், ஆர்னோ ஆற்றங்கரையில், தோல் தொழிற்சாலைகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு சின்ன ஊர். தோல் படிப்புப் படித்து, ராணிப்பேட்டையில் சில வருஷம் வேலை பார்த்து, இங்கே தோலுக்குச் சாயம் ஏற்றும் பிரிவில் வந்து சேர்ந்தேன். வந்த அன்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்த வாடை மூக்கில் ஏறியது. பாதிப் பயம் அங்கேயே போய்விட்டது. ஆம்பூரைத் தாண்டும்போது ரயில் ஜன்னலைச் சாத்திக்கொள்ளும் பயணிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கேயும் வெளியூர்க்காரர்கள் கார் கண்ணாடியை அவசரமாக ஏற்றுவதைப் பார்த்தபோது சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று தைரியம் வந்தது. ஆம்பூர் என்றதும் பிரியாணி பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்தவர்கள் மன்னிக்க வேண்டும், அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இனி மாசங்கள். மார்ச்சும் ஏப்ரலும் பூ பூக்கும் காலம், படத்தில் அழகாக இருக்கும். நேரில் வந்தால் காலையில் வெயில், மதியம் மழை, சாயங்காலம் குளிர், மூன்றுக்கும் துணி சுமக்க வேண்டும். ஈஸ்டர் சமயத்தில் ஃப்ளோரன்ஸ் நகரத் தெருக்களில் நடந்தால் வேலூர் லாங் பஜாரில் தீபாவளிக்கு முந்தின வாரம் நடப்பது சுலபம் என்று தோன்றும். மே கடைசியும் ஜூன் தொடக்கமும் தங்கம். பகல் நீளம், காற்று இதம், ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம்.

ஜூலையில் வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். வேலூர் வெயிலுக்குப் பயந்து விமானம் ஏறி வந்து, ஏறக்குறைய அதே வெயிலில், மின்விசிறி இல்லாத அறையில் படுத்துக் கிடப்பார்கள். ஆகஸ்டில் ஊரே பூட்டிக்கொண்டு கடலுக்குப் போய்விடும். தொழிற்சாலை, ரொட்டிக்கடை, முடிவெட்டும் கடை எல்லாவற்றிலும் விடுமுறை என்று எழுதிய தாள் தொங்கும். தோல் வாடை கூட இருக்காது. செப்டம்பரில் திராட்சை பறிப்பார்கள், அக்டோபரில் காட்டுக் காளான் வரும், இரண்டுமே நல்ல மாசங்கள்.

நவம்பர்தான் என் கணக்கில் கடைசி. மூடுபனி, ஓயாத மழை, சாயங்காலம் ஐந்து மணிக்குள் இருட்டு. அதற்குப் பிறகு வருகிற குளிராவது காய்ந்த குளிர். இந்த நவம்பர் ஈரம் எலும்புக்குள் இறங்கும். வீட்டுக்குள் சூடு வைத்துக்கொள்வதும் நம் இஷ்டமில்லை. எங்கள் கட்டடம் முழுவதற்கும் பொதுவான ஒரு கொதிகலன். அதை எந்தத் தேதியில் ஏற்றலாம், எந்தத் தேதியில் அணைக்க வேண்டும் என்பது சட்டம். குளிர் சட்டத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. வந்த முதல் வருஷம், வீடு குளிர்கிறது என்று கொதிகலன் பார்க்கிறவரிடம் முறையிடப் போய், “கால்தோ, கால்தோ” என்றேன். இங்கிலீஷ் ‘கோல்டு’ போலத்தான் இங்கேயும் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. இந்த ஊரில் அதற்குச் சூடு என்று அர்த்தம். அவர் நல்ல மனுஷர், இன்னும் கொஞ்சம் குறைத்துவிட்டுப் போனார். மூன்று நாள் ஸ்வெட்டரோடு தூங்கினேன்.

ஆகவே நவம்பரில் யாரும் வரக்கூடாது என்பது என் கட்சி. அந்தக் கட்சியில் நான் உறுதியாக இருந்தேன்.

3

அக்கா பெயர் மல்லிகா. என்னைவிட நான்கு வயது பெரியவள். ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில், தையல் லைனில் சேர்ந்து, அதே லைனுக்கு சூப்பர்வைசர் ஆனவள். வருஷா வருஷம் ஜூனில் வா என்று நான் கூப்பிடுவேன். ஜூனா, அப்போது ஷிப்மென்ட் ஆச்சே, யார் லீவு கொடுப்பார்கள் என்று வருஷா வருஷம் அவள் சொல்வாள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆம்பூர் எப்போதும் ஐரோப்பாவுக்கு அரை வருஷம் முன்னால் வாழ்கிற ஊர். இங்கே குளிர்காலத்தில் போடும் பூட்ஸை அங்கே ஏப்ரல், மே மாசக் கொதிப்பில் தைப்பார்கள். வெளியே அனல் வீசும், மடியில் கம்பளி வைத்த தோல் கிடக்கும். மார்கழிப் பனியில் போர்வையோடு வேலைக்கு வந்து, இங்கத்து வெயில் காலத்துக்குச் செருப்பு தைப்பார்கள். அக்காவுடைய தொழிற்சாலையில் செய்வது மேல்பாகம் மட்டும், அப்பர் என்பார்கள். அது பெட்டி பெட்டியாக இத்தாலிக்கு வரும். இங்கே அடி ஒட்டி, பெயர் குத்தி, கடைக்குப் போகும். அதனால் இத்தனை வருஷ வேலையில் அக்கா தன் லைனில் தைத்த ஒரு ஜோடியைக்கூட அடியோடு சேர்த்து முழுசாகப் பார்த்ததில்லை. இதை அவள் ஒரு குறையாக என்னிடம் சொன்னதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை.

போன வருஷம் ஆடி மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, நவம்பரில் வருகிறேன் என்று சாதாரணமாகச் சொன்னாள். தீபாவளி முடிந்து அடுத்த சீசன் வேலை சூடு பிடிப்பதற்குள் லீவு கிடைக்குமாம். அடுத்த வருஷம் ரிட்டையர் ஆகிறாள், லைனில் இருக்கும்போதே வந்துவிட வேண்டுமாம். மாமாவுக்கு விமானத்தில் காலை நீட்ட முடியாது என்று பயம், அதனால் தனியாகத்தான் வருவாள்.

நான் பதறிப்போனேன். மழை, இருட்டு, பனி என்று அரை மணி நேரம் பேசினேன். ரிட்டையர் ஆன பிறகு நிதானமாக ஜூனில் வா, நான் மலை, கடல் எல்லாம் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். அவள் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஜூன்ல அங்க கால்ல இன்னா போட்டிருப்பாங்க?”

“செருப்புதான்.”

“அதான் வேணான்றேன். நாங்க தச்ச பூட்ஸ போட்டுக்கினு ஒருத்தர் நடக்கறத நான் பாக்கணும்டா. மழைல, சேத்துல நடக்கணும். வேலைய வுட்டப்புறம் வந்து பாத்தா, லைன்ல இருக்கறவங்ககிட்ட வந்து யாரு சொல்றது? அதுக்கு எந்த மாசம் வரணும், அத மட்டும் சொல்லு.”

அதற்கு நவம்பரைத் தவிர வேறு பதில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி வசந்தி, அண்ணிக்கு டிக்கெட் பார், வானிலை அறிக்கை வாசித்தது போதும் என்றாள்.

4

அதற்குப் பிறகு யாரிடம் போனாலும் அந்த மாசம்தான் முதலில் முன்னால் வந்து நின்றது. வேலூரில் விசா வேலை பார்த்துக் கொடுக்கும் ஏஜென்ட், நவம்பர் என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டாராம். அந்த மாசத்தில் யாரும் போக மாட்டார்கள், சந்தேகப்படுவார்கள், ரோம், வெனிஸ் என்று நாலு ஊர் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவரே ஒரு பயணத் திட்டம் எழுதினார். அந்தத் திட்டப்படி அக்கா ஒரே நாளில் இரண்டு ஊர் பார்த்துவிட்டு மூன்றாவது ஊரில் தூங்கியிருக்க வேண்டும். சென்னையில் மனுவை வாங்கிய பெண் போகும் காரணம் கேட்டபோது, அக்கா பூட்ஸ் பார்க்க என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் ஒரு கணம் பார்த்துவிட்டுச் சுற்றுலா என்று குறித்துக்கொண்டாளாம்.

இங்கே என் பக்கத்துச் சடங்குகள் தனி. வெளிநாட்டு விருந்தாளி வீட்டில் தங்கினால் இரண்டு நாளுக்குள் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டுப் பத்திரத்தின் நகல், என் அடையாள அட்டையின் நகல், அவள் பாஸ்போர்ட்டின் நகல், எல்லாவற்றிலும் கையெழுத்து. பாஸ்போர்ட்டைத் தவிர மற்றதெல்லாம் போன தடவை என் மாமனார் வந்தபோது கொடுத்த அதே நகல்கள்தான், ஆனால் பழையது செல்லாது. அவள் வருவதற்கு முன்பே தாள்கள் சரிதானா என்று கேட்கப் போனபோது, மேஜைக்குப் பின்னால் இருந்தவர் அவள் வரும் தேதியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், நவம்பரிலா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பாவம் என்றார். அவர் பரிதாபப்பட்டது என் அக்காவுக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை.

5

அக்கா வந்து இறங்கிய நாளிலிருந்து வெயில் அடித்தது.

அப்படி ஒரு நவம்பரை நான் இங்கே பார்த்ததில்லை. வானத்தில் ஒரு மேகம் கிடையாது. மதியத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஜனங்கள் வாசலில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். எனக்கு வாயெல்லாம் பல். பார்த்தாயா, உன் ராசிக்கு ஜூன் மாதிரி இருக்கிறது என்று அக்காவிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். அவள் முகம் நாளுக்கு நாள் சுருங்கியது. தெருவில் போகிற எல்லோர் காலிலும் கான்வாஸ் ஷூ. கிழவர் காலில், குழந்தை காலில், கோட்டுப் போட்டு பேங்க்குக்குப் போகிறவர் காலிலும் அதுதான்.

ஃப்ளோரன்ஸுக்குக் கூட்டிப் போனேன். தலையை அண்ணாந்து பார்க்க வேண்டிய ஊர் அது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ வந்தவர்கள் எல்லாம் கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், என் அக்கா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். பெரிய தேவாலயத்தின் முன்னால் நிறுத்தி அந்தக் கோபுரத்தைப் பாரேன் என்றேன். பார்த்தாள், நல்லா இருக்கு என்றாள், உடனே கண் கீழே இறங்கிவிட்டது. செருப்புக் கடைக் கண்ணாடிகளுக்கு முன்னாலும் அவள் அதிக நேரம் நிற்கவில்லை. கடையில் இருப்பது இந்த வருஷத்து மாடல், அது அவள் லைனுக்கு வந்த மாடல் இல்லையாம். வந்திருந்தாலும் அலமாரியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவள் விமானம் ஏறவில்லையாம்.

என் மகள் யாழினிக்கு இது பெரிய அவமானமாக இருந்தது. பதினாறு வயது. யாராவது தன்னைப் பார்த்துவிடுவார்களோ என்றே எந்நேரமும் பயப்படுகிற வயது. அத்தை முன்பின் தெரியாதவர்களின் கால்களையெல்லாம் உற்றுப் பார்க்கிறாள், அவர்களும் என்னவோ ஏதோ என்று தங்கள் காலைக் குனிந்து பார்க்கிறார்கள் என்று என்னிடம் முறையிட்டாள். முறையிட்டது இத்தாலிய மொழியில். பள்ளிக்குப் போகும் வரை அவள் வாயில் தமிழ் கொட்டும். இப்போது நாங்கள் தமிழில் கேட்போம், அவள் இத்தாலிய மொழியில் பதில் சொல்வாள். வீட்டில் சண்டை இல்லாமல் ஓடட்டும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். விட்டுவிட்டோம் என்று எழுதுவது சுலபம், உள்ளுக்குள் அது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. அன்றைக்கு ஃப்ளோரன்ஸில் எங்களுக்கு முன்னால் வேகமாக, யாரோ போலப் போய்க்கொண்டிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் வசந்தி இட்லி ஊற்றியிருந்தாள். கீழ்வீட்டு அம்மாள் அந்த வாரம் ஆட்டிய ஆலிவ் எண்ணெய் ஒரு பாட்டில் கொடுத்திருந்தார். நவம்பர்தான் இங்கே ஆலிவ் பறித்து ஆட்டும் காலம். புது எண்ணெய் பச்சையாக, தொண்டையில் லேசாகக் காறும். அக்கா அதை இட்லிப் பொடியில் குழைத்துக்கொண்டு, நல்லெண்ணெய்க்கு இது கம்மிதான் என்று சொல்லிக்கொண்டே தட்டைக் காலி செய்தாள். பிறகு அடுப்படி ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். மழை வரும் அறிகுறி இல்லை. பாலாற்றில் தண்ணீர் பார்ப்பதே அபூர்வமான ஊரில் பிறந்தவள், தண்ணீருக்குப் பஞ்சமில்லாத ஊருக்கு வந்து மழைக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பொறுக்க முடியாமலும் இருந்தது. அவள் ஊருக்குத் திரும்ப அதிக நாள் இல்லை.

யாழினிதான் அந்தப் பேச்சை எடுத்தாள். அத்தை குறிப்பாக ஏதாவது ஒன்றைத் தேடுகிறாளா என்று என்னிடம் கேட்டாள். என்னிடம் கேட்காதே, அத்தை எதிரில்தான் இருக்கிறாள் என்றேன். அவள் கொஞ்சம் தடுமாறி, தமிழைக் கூட்டிச் சேர்த்துக் கேட்டாள்.

அக்காவுக்கு அது போதும். மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு மாடலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அதற்குக் கம்பெனி வைத்தது ஒரு நம்பர், லைனில் வைத்த பெயர் பிறை மாடல். கணுக்காலுக்குப் பக்கத்தில் கருங்காப்பி நிறத் தோலின் மேல் வெளிறிய தோலில் ஒரு பிறை, அதைச் சுற்றிக் கடுகு நிற நூலில் இரட்டைத் தையல். பிறையின் நுனி வளைவில் ஊசி வழுக்கிக்கொண்டே இருந்ததாம். முதல் வாரம் தைத்ததெல்லாம் ரிஜெக்ட். மே மாசக் கொதிப்பு, கரன்ட் போய்ப் போய் வருகிறது, பேஜார் பிடித்த மாடல் என்று எல்லோரும் திட்டுகிறார்கள். ஷமீம் என்கிற பெண் வளைவுக்கு வரும்போது மிஷினைக் காலால் ஓட்டாமல் சக்கரத்தைக் கையால் திருப்பி ஒவ்வொரு தையலாக இறக்கிப் பார்த்தாள். தையல் வழுக்காமல் நின்றது. அதற்குப் பிறகு லைனே அப்படித் தைத்தது. அந்த மாடல் முழுவதும் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ரம்ஜான் நோன்பு, மாரியம்மன் திருவிழா, யார் வீட்டுக் கல்யாணம் என்று பேச்சு எங்கே போனாலும், பிறை மாடல் தைத்த வருஷம் என்றுதான் இன்றைக்கும் லைனில் கணக்குச் சொல்வார்களாம்.

“அது இந்த ஊர்லதான் எங்கியோ நடந்துக்கினு இருக்கு. நல்லா இருக்கா, பிரிஞ்சு பூட்ச்சா, ஒண்ணும் தெரியல. ஊருக்குப் போனா மொதல்ல ஷமீம்தான் கேப்பா.”

யாழினி உள்ளே போய்ப் பேனா எடுத்துவந்தாள். ஒரு தாளில் அந்தப் பிறையை வரையச் சொல்லி வாங்கிப் பார்த்தாள். மறுநாள் பள்ளியிலிருந்து வந்ததும், பஸ்ஸில் யார் காலிலும் இல்லை என்று நேராக அத்தையிடம் போய்ச் சொன்னாள். சொன்னது தமிழில். வசந்தியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பாள்.

6

பாஸ்கருக்கு நேற்று பதில் சொல்லிவிட்டேன். மே கடைசி வாரம் வரச் சொன்னேன். அவன் பார்க்க விரும்புவது கோபுரங்களும் மலைகளும், எடுக்க விரும்புவது படங்கள். அதற்கு அதுதான் சரியான சமயம், இதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ஜூனுக்கு நான் துரோகம் செய்யவில்லை. ஆனால் இப்போதெல்லாம் மாசம் கேட்கிறவர்களிடம் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். பாதிப் பேருக்கு அது தெரிவதில்லை. அக்காவுக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் அவள் மாசத்தை அவளே எடுத்தாள்.

அவள் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் மழை வந்தது. விடியற்காலையில் கூரைத் தகரத்தில் சத்தம் கேட்டு நான் எழுந்து வந்தபோது, அக்கா ஏற்கெனவே குளித்துத் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு ஜன்னலில் நின்றிருந்தாள். சாதாரண மழை இல்லை, இங்கத்து நவம்பர் மழை, நிறுத்தத் தெரியாதது. யாழினிக்கு அன்று பள்ளி இல்லை. மழையில் வெளியே வரமாட்டேன் என்று அடம் பிடிக்கிற பெண், கிழிந்த கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு முன்னால் நின்றாள். அன்றைக்கு எங்கள் ஊரில் வாரச் சந்தை.

தேவாலயத்துக்கு எதிரே இருக்கும் கல் பாவிய மைதானத்தில் சந்தை கூடும். காய்கறி, பாலாடைக்கட்டி, மீன், துணி எல்லாம் வண்டியிலேயே கடை விரிப்பார்கள். மழைக்குத் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஜனங்கள் குடையோடு வந்துகொண்டிருந்தார்கள். கால்கள் மாறிவிட்டன. ரப்பர் பூட்ஸ், தோல் பூட்ஸ், கறுப்பு, பழுப்பு, முழங்கால் வரை, கணுக்கால் வரை. அக்கா ஒரு தார்ப்பாய்க்கு அடியில் ஒதுங்கி நின்றுகொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு மணி நேரம் போனது. எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது. எத்தனை ஊர், எத்தனை கால், அதில் ஒரு மாடல் இங்கே வந்து நிற்கும் என்று எதிர்பார்ப்பது அநியாயம் என்று நினைத்துக்கொண்டேன். இவள் வெறுங்கையோடு ஊருக்குப் போய் அந்தப் பெண்களிடம் என்ன சொல்வாள் என்று கவலையாக இருந்தது.

எதிர்ப்பக்கம் காய்கறிக் கடையின் தார்ப்பாயில் தண்ணீர் தேங்கித் தொங்கியது. கடைக்காரப் பெண், அக்கா வயது இருக்கும், ஏப்ரனோடு வெளியே வந்து ஒரு கழியால் தார்ப்பாயை அடியிலிருந்து நெம்பிவிட்டாள். குடம் குடமாகத் தண்ணீர் கொட்டி அவள் காலைச் சுற்றி ஓடியது. யாழினி அத்தையின் சால்வையைப் பிடித்து இழுத்தாள்.

கருங்காப்பி நிறம் நரைத்துப்போயிருந்தது. பிறை இருந்தது.

அக்கா மழையிலேயே நடந்தாள். நானும் யாழினியும் குடையோடு பின்னால் ஓடினோம். அந்தப் பெண்ணுக்கு எதிரில் போய் நின்றுகொண்டு, காலைக் காட்டி, எதுவும் சொல்லத் தெரியாமல் நின்றாள். அந்தப் பெண் கழியோடு விழித்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் யாழினி பேசிவிட்டாள். என் அத்தை இந்தியாவிலிருந்து வந்திருக்கிறாள், உங்கள் பூட்ஸைப் பார்க்க வேண்டுமாம், தயவு செய்து என்று. அந்தப் பெண் சிரித்துவிட்டு, காலியான தக்காளிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு வலது காலை அதன் மேல் தூக்கி வைத்தாள்.

அக்கா குனிந்து பிறையின் நுனியைக் கட்டைவிரலால் தடவினாள். வளைவில் ஒவ்வொரு தையலும் அப்படியே இருந்தது.

“கால் நனையுதான்னு கேளு.”

நனைவதில்லை என்றாள் அந்தப் பெண். விடிந்ததிலிருந்து இந்தக் கல்லில்தான் நிற்கிறேன், மூன்று குளிர்காலமாக இதே பூட்ஸ்தான் என்றாள். இன்னும் நிறையச் சொன்னாள். யாழினி அதைத் தமிழில் சொல்ல வார்த்தை தேடினாள். எனக்கு நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன்.

“அத்தை, அடி ரெண்டு வாட்டி மாத்திட்டாங்களாம். மேல ஒண்ணும் ஆகலையாம்.”

அக்கா நிமிர்ந்தாள். முகம் முழுக்க மழை. அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. நான் அழுதேன்.

எதற்காக இப்படிப் பார்க்கிறார் என்று அந்தப் பெண் கேட்டாள். இதைத் தைத்தது என் அத்தை என்று யாழினி சந்தைக்கே கேட்கும்படி சொன்னாள். பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவள் கவலைப்படவில்லை. உள்ளே இத்தாலி என்றல்லவா குத்தியிருக்கிறது என்று அந்தப் பெண் கேட்க, அது அடிக்கு, மேல்பாகம் எங்கள் ஆம்பூர் என்றாள் யாழினி. எங்கள் ஆம்பூர் என்று அவள் சொல்லி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

இன்னா சொன்னே என்று அக்கா கேட்டாள். நான் சொன்னேன். அக்கா தலையை ஆட்டினாள்.

“நான் தச்சேன்னு சொல்லாத யாழி. தப்பு அது. வளைவு தச்சது ஷமீம். ஜிப்பு வச்சது லோகேஸ்வரி. ஓரம் மடிச்சது எலிசபெத்து, கம்பளி வச்சது புனிதா. சாந்தி, நூர்ஜஹான், சின்னப்பொண்ணு, எல்லாம் லைன்ல இருந்தாங்க. ஒவ்வொருத்தரா சொல்லு.”

யாழினி ஒவ்வொருவராகச் சொன்னாள். அந்தப் பெண் ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள், வராத பெயரை இன்னொரு முறை கேட்டுச் சொன்னாள். வாங்க வந்தவர்கள் குடையோடு காத்து நின்றார்கள். கடைசிப் பெயர் முடியும் வரை அவள் பெட்டியிலிருந்து காலை இறக்கவில்லை.